வாசலில் நின்று எண்ணுவது: ஒரு செருகுநிரலுக்கு வடிவமும் பெயரும்



நம்மில் பலர் சொந்தமாக ஓர் இணையப்பக்கம் வைத்திருக்கிறோம். இலக்கணப் பயிற்றி, மாதிரிக் கட்டுரை, எஸ்.பி.எம். வழிகாட்டி என்று இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து ஏற்றுகிறோம். ஏற்றிய பிறகு மனசுல வர்ற கேள்வி ஒன்றுதான்: இதை யாராவது படிக்கிறாங்களா?

அதற்கு விடை தருவதுதான் இணையப் பகுப்பாய்வுக் கருவியின் வேலை. கூகுள் அனலிட்டிக்ஸ், மத்தோமோ, பிளாசிபிள் என ஆயத்தக் கருவிகள் உண்டு. அவற்றில் ஒன்றைப் பொருத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம், தப்பில்லை. ஆனாலும் இந்தக் கட்டுரையில் வேர்ட்பிரஸ் தளத்துக்காக நாமே ஒரு சின்னக் கருவியை வடிவமைத்துப் பார்ப்போம், அதற்குப் பெயரும் வைப்போம். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எதை எண்ணுவது, எதை எண்ணாமல் விடுவது, எண்ணியதை என்ன சொல்லால் குறிப்பது என்பவை பெரும்பாலும் மொழி சார்ந்த முடிவுகள். உங்கள் பள்ளியில் படிவம் 4, 5-இல் கணினி அறிவியல் எடுத்த மாணவர்கள் இருந்தால், எழுதும் வேலையை அவர்களிடம் விட்டுவிடலாம்.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கடைசியில் பெயர் தேடலாம் என்று நினைக்காதீர்கள். பெயர் எதைச் சொல்கிறதோ அதைத்தான் பார்ப்பவர் நம்புவார். ‘வருகையாளர் 240’ என்று திரையில் தெரிந்தால், 240 பேர் வந்தார்கள் என்றுதான் தலைமையாசிரியரும் எடுத்துக்கொள்வார். உள்ளே எண்ணியது வேறாக இருந்தால் அந்தச் சொல் பொய் சொல்கிறது.

செருகும் இடம்

வேர்ட்பிரஸ் 2003-இல் வெளிவந்தது. பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது. அதன் மூல நிரலைத் தொடாமலேயே புது வசதி சேர்க்க வழி வைத்திருக்கிறார்கள். பள்ளிச் சபைகூடலை நினைத்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சி நிரல் முன்பே முடிவாகிவிட்டது: நாட்டுப்பண், கடமையாசிரியர் உரை, அறிவிப்பு, தலைமையாசிரியர் உரை. அறிவிப்பு நேரம் வந்ததும், முன்பே பெயர் கொடுத்திருப்பவர் மேடையேறுகிறார். நிரலை அவர் திருத்தவில்லை. அதில் விட்டிருந்த இடத்தில் தன்னைச் செருகிக்கொண்டார். வேர்ட்பிரஸும் ஒரு பக்கத்தைத் தயாரிக்கும்போது பல இடங்களில் நின்று, ‘இங்கே யாருக்காவது வேலை இருக்கா?’ என்று கேட்கிறது. இந்த நிறுத்தங்களை ஹூக், அதாவது கொக்கி என்பார்கள். கொக்கியில் பெயர் கொடுத்துக் காத்திருப்பதுதான் செருகுநிரல். நமக்கு முக்கியமாக வேண்டியது, பக்கத்தின் அடிப்பகுதி தயாராகும் இடத்தில் உள்ள கொக்கி.

வழங்கியில் எண்ணுவதா, உலாவியில் எண்ணுவதா?

ஒரு பக்கம் கேட்கப்பட்ட கணத்திலேயே வழங்கி தன் கணக்கில் ஒன்றைக் கூட்டிவிடலாம். எளிய வழி. ஆனால் அதில் மூன்று ஓட்டைகள் இருக்கு.

பல தளங்கள் வேகத்துக்காக ஆயத்தமான நகலைச் சேமித்து வைத்து, கேட்பவர்க்கெல்லாம் அதையே கொடுக்கும். அப்போது பிஎச்பி நிரல் ஓடவே ஓடாது. நூறு பேர் திறந்தாலும் நம் கணக்கில் எதுவும் ஏறாது. இரண்டாவது, தேடுபொறிகளின் தானியங்கிகள். அவை இரவு பகலாகப் பக்கங்களை எடுத்துக்கொண்டே இருக்கும். மூன்றாவது நமக்கு மிகவும் பழக்கமானது. புலனக் குழுவில் ஓர் இணைப்பைப் பகிரும்போது தலைப்பும் சின்னப் படமும் தானாக வருது இல்லையா? அதற்காகச் செயலி அந்தப் பக்கத்தை ஒருமுறை எடுத்துப் பார்க்கிறது. பத்துக் குழுக்களில் போட்டால், ஒருவர்கூடத் திறப்பதற்கு முன்பே எண்ணிக்கை ஏறிவிடும்.

ஆகவே உலாவியின் பக்கம் போவோம். பக்கத்தின் அடியில் சில வரி ஜாவாஸ்கிரிப்ட் வைத்து, அது ஓடியதும் ‘இந்தப் பக்கம் திறக்கப்பட்டது’ என்று வழங்கிக்கு ஒரு சின்னச் செய்தி அனுப்பச் செய்கிறோம். நகலிலிருந்து வந்த பக்கமானாலும் அந்த வரிகள் கூடவே வரும். இணைப்பு முன்னோட்டம் எடுக்கும் செயலி அவற்றை ஓட்டாது. பெரும்பாலான எளிய தானியங்கிகளும் ஓட்டா. விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்களில் சிலர் மட்டும் விடுபடுவார்கள். அது ஏற்றுக்கொள்ளக்கூடிய இழப்பு. தளத்துக்குள் நுழைவுச்சொல் போட்டு வந்திருப்பவரை எண்ண வேண்டாம் என்றும் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் எழுத்துப்பிழை திருத்த நீங்கள் திறந்த பதினைந்து முறையும் கணக்கில் ஏறும். நம்மை நாமே வாசித்துக்கொண்டு பெருமைப்பட்டது போலாகிவிடும்.

முப்பது பேரா, ஒருவரா?

அடுத்த கேள்விதான் எல்லாரையும் இழுக்கும் கேள்வி: எத்தனை ‘பேர்’? இங்கேதான் கொஞ்சம் நிதானிக்கணும்.

இணையத்தில் ஆளை அறிய எளிதாகக் கிடைப்பது ஐபி முகவரி. ஆனால் ஒரு பள்ளியின் கணினிகள் பொதுவாக ஒரே வெளிமுகவரி வழியாகத்தான் இணையத்துக்குப் போகின்றன. கணினிக் கூடத்தில் முப்பது மாணவர்கள் ஒரே நேரத்தில் உங்கள் பயிற்றியைத் திறந்தால், ஐபி முகவரியை வைத்து எண்ணும் கருவிக்கு அது ஒருவர். அதே மாணவன் வீட்டுக்குப் போய்த் தாத்தாவின் கைப்பேசியில் திறந்தால் அது இன்னொருவர். முப்பது பேர் ஒருவர் ஆகிறார்கள், ஒருவன் இருவர் ஆகிறான்.

இதைச் சரிசெய்ய ஒரு நல்ல உத்தி இருக்கு. பிளாசிபிள் போன்ற கருவிகள் ஐபி முகவரியையும் உலாவியின் அடையாளக் குறிப்பையும் சேர்த்து அரைத்து, திரும்பப் பிரிக்க முடியாத ஒரு குறியாக மாற்றுகின்றன. ஹேஷ் என்பார்கள். அரைக்கும்போது இரகசியமான ஒரு சொல்லையும் சேர்ப்பார்கள். அதற்கு நிரலாளர்கள் வைத்த பெயர் ‘உப்பு’. அந்த உப்பு தினமும் மாறும், பழையது அழிக்கப்படும். உப்பு ஏன் முக்கியம் என்றால், பழைய வகை ஐபி முகவரிகள் மொத்தமே ஏறக்குறைய 430 கோடிதான். உப்பில்லாமல் அரைத்தால், எல்லா முகவரியையும் ஒவ்வொன்றாக அரைத்து ஒப்பிட்டு, எது யாருடையது என்று இன்றைய கணினி கண்டுபிடித்துவிடும். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது இங்கேயும் பொருந்துது பாருங்க.

ஆனால் நம் கணினிக் கூடத்தை இந்த உத்தியும் காப்பாற்றாது. முப்பதும் ஒரே மாதிரிக் கணினி, ஒரே உலாவி, ஒரே வெளிமுகவரி. குறியும் ஒன்றாகத்தான் வரும்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். தமிழ் இலக்கியம் எடுக்கும் மாணவர் ஐந்தே பேர் உள்ள வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். கருவி நேரத்தையும் கைப்பேசி வகையையும் சேர்த்துப் பதிகிறது. ‘இரவு 1.40, இந்த வகைக் கைப்பேசி, நாடகப் பாடம்’ என்று ஒரு வரி வந்தால், அது யார் என்று ஆசிரியருக்கு உடனே தெரிந்துவிடும். பெயர் எங்கும் எழுதப்படவில்லை. ஆனாலும் பெயர் வெளியே வந்துவிட்டது. மறுநாள் வகுப்பில் ‘ராத்திரி ஒன்றரை மணிக்கு முழிச்சிருந்தியா?’ என்று கேட்கத் தோன்றும். அக்கறையில்தான் கேட்போம். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை நம் பக்கத்தைத் திறக்குமா?

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றும் விட்டுவிட முடியாது. மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, வணிகப் பரிவர்த்தனை சார்ந்த தரவுகளைப் பற்றியது. மத்திய, மாநில அரசுகளுக்கு அது பொருந்தாது. ஓர் ஆசிரியரின் இலவசப் பயிற்றிப் பக்கம் எதைச் சேகரிக்கலாம் என்பதை வடிவமைப்பவர்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

என் முடிவு இது: ஆளை எண்ண வேண்டாம். பக்கம் எத்தனை முறை திறக்கப்பட்டது என்பதை மட்டும் எண்ணுவோம். தரவுத்தளத்தில் மூன்றே பத்திகள்: எந்தப் பக்கம், எந்த நாள், எத்தனை முறை. செய்தி வந்ததும் அந்த நாளுக்கான எண்ணில் ஒன்றைக் கூட்டிவிட்டு மற்றதை மறந்துவிட வேண்டும். ஒரே மாணவன் பத்து முறை புதுப்பித்தால் பத்தாகிவிடுமே என்று கேட்பீர்கள். அதற்கு அவன் உலாவித் தாவலிலேயே ‘ஏற்கெனவே சொல்லியாச்சு’ என்று ஒரு குறி வைக்கலாம். தாவலை மூடினால் குறியும் போய்விடும், வழங்கிக்கு அது வராது. இன்னொரு லாபமும் உண்டு. 200 பக்கங்கள் உள்ள தளத்தில் எல்லாப் பக்கமும் தினமும் திறக்கப்பட்டாலும் ஆண்டுக்கு 73,000 வரிகள்தான். மலிவான வழங்கியும் இதைத் தாங்கும்.

காலை எட்டு மணிக்குப் பிறக்கும் நாள்

‘எந்த நாள்’ என்பதில் ஒரு கண்ணி உண்டு. வழங்கிகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடும். நம் நேரம் அதைவிட எட்டு மணி நேரம் முன்னே. ஆக, வழங்கியின் கணக்கில் புது நாள் நமக்குக் காலை எட்டு மணிக்குத்தான் பிறக்கும். காலை ஏழரை மணிக்குத் தொடங்கும் முதல் பாடவேளையில் மாணவர்கள் திறந்த பக்கமெல்லாம் நேற்றைய கணக்கில் போய்ச் சேரும். திங்கட்கிழமை பாடம் ஞாயிற்றுக்கிழமையில் நிற்கும். வேர்ட்பிரஸ் அமைப்பில் கோலாலம்பூர் நேரத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, செருகுநிரலும் அந்த நேரத்தையே கேட்டு வாங்கும்படி எழுதச் சொல்லுங்கள்.

எண்ணுக்குள் வராதவை

நம்முடைய பொருள்கள் பெரும்பாலும் பிடிஎஃப் கோப்புகள். பக்கத்தில் வைத்த ஜாவாஸ்கிரிப்ட், பிடிஎஃப் கோப்புக்குள் ஓடாது. ஓர் ஆசிரியர் ஒருமுறை பதிவிறக்கி, மாவட்டத் தமிழாசிரியர் புலனக் குழுவில் போட்டுவிட்டார் என்றால், அங்கிருந்து அது எத்தனை வகுப்புக்குப் போனது, எத்தனை நகல் எடுக்கப்பட்டது என்பது எந்தக் கருவிக்கும் தெரியாது. உங்கள் திரையில் ‘1’ என்று இருக்கும். அந்த ஒன்றுக்குப் பின்னால் இருநூறு மாணவர்கள் இருக்கலாம்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எண் வந்துவிட்டால் அதை வைத்து முடிவெடுக்கும் ஆசையும் வந்துவிடும். ‘செய்யுள் விளக்கத்தை யாரும் பார்க்கலை, அடுத்த ஆண்டு வேண்டாம்’ என்று கூட்டத்தில் ஒருவர் சொல்வார். அதிகம் திறக்கப்படுவது எப்போதும் தேர்வுக் குறிப்பாகத்தான் இருக்கும். அதனால் மற்றவை வீண் என்றாகுமா? நம் கருவி காட்டும் எண் ஒரு கீழெல்லை. குறைந்தது இத்தனை முறை திறக்கப்பட்டது, அவ்வளவுதான். அதனால்தான் திரையில் எண்ணுக்குப் பக்கத்தில் என்ன சொல் இருக்கிறது என்பது இவ்வளவு முக்கியமாகிறது.

பெயர்

இப்போது நம் துறைக்கு வருவோம்.

முதலில் மனசுல வர்றது ‘வருகை’. ஆசிரியர்களுக்குப் பழகிய சொல். ஆனால் வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கும். யார் வரவில்லை என்பதும் இருக்கும். நம் கருவியிடம் இரண்டும் இல்லை. தள்ளிவிடுவோம். ‘தடம்’, ‘சுவடு’ இரண்டும் அழகான சொற்கள். ஆனால் தடம் என்றாலே அதைப் பின்தொடரும் ஒருவர் இருக்கிறார் என்று பொருள். திருக்குறளில் ஒற்றாடலுக்குத் தனி அதிகாரமே இருக்கிறதே, ‘ஒற்றன்’ என்று வைக்கலாமா என்று ஒரு குறும்புக்கார மாணவன் கேட்பான், சிரித்துவிட்டு விட்டுவிடலாம். ‘கண்காணி’ என்ற பெயரைத் தமிழ்நாட்டில் ஒருவர் வைத்தால் அது ஒரு வினைச்சொல், அவ்வளவே. இங்கே, தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பாட்டியிடம் அந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். கங்காணியும் விடியற்காலைப் பெரட்டும் கூடவே வந்து நிற்கும். ‘புரட்டு’ என்றால் பக்கம் புரட்டுவது. ஆனால் அதற்கு இன்னொரு பொருளும் இருக்கே! எண்ணிக்கைக் கருவிக்கு அதைவிடப் பொருந்தாத பெயர் இல்லை.

‘படி’ என்ற சொல் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வாசிப்பதும் படி, அரிசி அளப்பதும் படி. இரண்டு தடைகள். திறந்து வைத்த புத்தகத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கும் மாணவன் படிக்கிறான் என்று நாம் நம்புவதில்லை. கருவி மட்டும் எப்படிச் சொல்லலாம்? இரண்டாவது, அந்தச் சொல்லை உரோமன் எழுத்தில் எழுதினால் மலாய்மொழியில் நெல். தேடுகிறவருக்கு வயல்தான் கிடைக்கும்.

உரோமன் எழுத்து எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? வேர்ட்பிரஸ் செருகுநிரல் களஞ்சியத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரிப் பெயர் உண்டு. அதில் ஆங்கிலச் சிற்றெழுத்தும் எண்ணும் இணைப்புக்கோடும்தான் வரலாம். ஏற்றுக்கொள்ளப்பட்ட பிறகு அதை மாற்ற முடியாது. காட்சிப் பெயரைத் தமிழில் வைத்துக்கொள்ளலாம், பின்னால் மாற்றவும் செய்யலாம். முகவரிப் பெயர் கல்வெட்டு மாதிரி. ஆகவே தமிழ்ச் சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது அது உரோமன் எழுத்தில் எப்படி நிற்கும் என்று பார்க்க வேண்டும். ழகரம் இருந்தால் ஒருவர் இசட்-எச் என்பார், இன்னொருவர் எல் என்பார். ‘பக்கக்கணக்கு’ பொருளில் மிகச் சரியான பெயர். வல்லின மிகுதிக்கும் நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் அதை உரோமன் எழுத்தில் பிழையில்லாமல் தட்டுகிறவரை நான் பார்க்கணும்.

இன்னும் இரண்டு விதிகள். வேர்ட்பிரஸ் என்ற பெயர் வணிகக்குறி. முகவரிப் பெயரில் அதைச் சேர்க்கக் கூடாது. மற்றவர் வணிகக்குறியில் பெயரைத் தொடங்கவும் கூடாது. ‘கூகுள் அனலிட்டிக்ஸ் ஃபார் வேர்ட்பிரஸ்’ என்று ஒரு புகழ்பெற்ற செருகுநிரல் இருந்தது. அந்தப் பெயரில் இருந்ததெல்லாம் மற்றவர் பெயர், சொந்தமாக ஒன்றுமில்லை. 2016-இல் அது மான்ஸ்டர்இன்சைட்ஸ் ஆனது.

நம் வட்டாரத்தில் நல்ல முன்மாதிரிகள் உண்டு. முத்து நெடுமாறனின் ‘முரசு அஞ்சல்’, ‘செல்லினம்’, சிங்கப்பூர் நா. கோவிந்தசாமியின் ‘கணியன்’. கணியன் என்றதும் சங்கப் புலவரும் நினைவுக்கு வருகிறார், கணினியும் காதில் விழுகிறது. முரசு என்றால் அறிவிப்பது என்று விளக்காமலே புரிகிறது.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்து நான் வந்து நின்ற சொல் ‘வாசல்’. நம் கருவி வாசலில் நிற்கிறது. கதவு எத்தனை முறை திறந்தது என்று அதற்குத் தெரியும். உள்ளே போனவர் யார், உட்கார்ந்து படித்தாரா என்பது தெரியாது. தெரிந்ததாகவும் பெயர் சொல்லவில்லை. உரோமன் எழுத்தில் ஐந்தே எழுத்து. ழகர, ளகர, ணகரத் தொல்லை இல்லை. வகுப்பில் சொல்லவும் விஷயம் இருக்கிறது: இல்வாய் வாயில் ஆனது இலக்கணப் போலி, வாயில் பேச்சில் வாசல் ஆனது. களஞ்சியத்தில் தேடி, அதே பெயரில் வேறொன்று இல்லையென்று உறுதிசெய்துகொண்டு, முகவரிப் பெயரில் அது என்ன செய்கிறது என்பதற்கான ஆங்கிலச் சொல்லையும் இணைப்புக்கோட்டுடன் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திரையிலும் ‘வருகையாளர்’, ‘வாசகர்’ என்று எங்கும் வரக் கூடாது. ‘திறப்பு’ மட்டும்.

உள்ளே இருக்கும் பெயர்கள்

கண்ணுக்குத் தெரியாத பெயர்களும் உண்டு. பிஎச்பி-யில் ஒரே பெயரில் இரண்டு செயற்கூறுகள் இருந்தால் நிரல் அப்படியே நின்றுவிடும். எண்ணும் செயற்கூற்றுக்கு வெறுமனே ‘எண்ணு’ என்று பெயர் வைத்து, வேறொரு செருகுநிரலும் அதையே வைத்திருந்தால் உங்கள் தளம் திறக்காது. ஆகவே செயற்கூறு, அட்டவணை, அமைப்பு எல்லாவற்றுக்கும் ‘வாசல்’ என்பதை முன்னொட்டாகப் போடச் சொல்லுங்கள். வீட்டுப் பெயரை எல்லாப் பாத்திரத்திலும் வெட்டி வைப்பது போல.

இந்த உட்பெயர்கள் வெளிப்பெயரைவிட நீண்ட நாள் வாழும். கூகுள் 2005-இல் அர்ச்சின் என்ற நிறுவனத்தை வாங்கித்தான் தன் அனலிட்டிக்ஸைத் தொடங்கியது. அர்ச்சின் என்ற பெயர் மறைந்துவிட்டது. ஆனால் இன்றும் விளம்பர இணைப்புகளின் வாலில் தொங்கும் யூ-டி-எம் என்ற மூன்றெழுத்தில் முதலெழுத்து அர்ச்சின்தான். 2018-இல் பிவிக் என்ற கருவி மத்தோமோ என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதன் குக்கிகளின் பெயர்கள் இன்னும் பழைய பெயரின் பி, கே என்ற எழுத்துகளோடுதான் தொடங்குகின்றன. உள்ளே வைக்கும் பெயரையும் யோசித்து வைக்க வேண்டியது இதனால்தான்.

களஞ்சியத்தில் ஏற்றும்போது ஒரு விளக்கக் குறிப்பு கேட்பார்கள். நிரல் எழுதத் தொடங்கும் முன்பே மாணவர்களை அதை எழுதச் சொல்லுங்கள். இப்படி இருக்கலாம்:

“வாசல், உங்கள் தளத்தின் ஒவ்வொரு பக்கமும் ஒரு நாளில் எத்தனை முறை திறக்கப்பட்டது என்று எண்ணும். யார் திறந்தார், எங்கிருந்து, எந்தக் கருவியில், எந்த நேரத்தில் என்பதைச் சேமிக்காது. பிடிஎஃப் பதிவிறக்கத்தை எண்ணாது. செருகுநிரலை நீக்கினால் அது சேர்த்த எண்களும் நீங்கும்.”

கடைசி வரிக்கு ஒரு சின்ன விளக்கம்: வேர்ட்பிரஸில் ஒரு செருகுநிரலை நிறுத்தி வைப்பது வேறு, நீக்குவது வேறு. நீக்கும்போது ஓடுவதற்கென்று தனிக்கோப்பு வைக்கலாம். அட்டவணையை அழிக்கும் வேலையை அதில்தான் எழுத வேண்டும், நிறுத்தும் இடத்தில் அல்ல. ஆண்டு இறுதி அறிக்கைக்கு எண்கள் வேண்டுமென்றால், நீக்குவதற்கு முன் அவற்றை எக்செலில் திறக்கும் கோப்பாக இறக்கிக்கொள்ள ஒரு பொத்தானும் வைக்கச் சொல்லுங்கள்.